குதிப்பேன் என்றாள் பிலார்

வஹீதாவுக்குப் பிலார் மேல் கோபம். கோபம் என்பதைவிட, அவளைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்பதுதான் சரி.

"நான் பிரியாணி சாப்பிடுவேன்" என்று போன வியாழக்கிழமை சொன்னவள் பிலார்தான். அதை நம்பி வஹீதா அம்மாவிடம் கேட்டு, மறுநாள் தூக்குச்சட்டி நிறையப் பிரியாணி வாங்கிக்கொண்டாள். வரகனேரியிலிருந்து சர்க்கஸ் கொட்டகை வரை கையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிலார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு "ஆகா!" என்றாள். பிறகு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"சாப்பிடுவேன்னு சொன்னியே?" என்றாள் வஹீதா.

"ஆமா. சாப்பிடுவேன்."

"அப்போ சாப்பிடு!"

"இல்லை, இல்லை. வயிறு!" பிலார் வயிற்றைத் தட்டிக்காட்டி முகத்தைச் சுளித்தாள்.

கடைசியில் அந்தப் பிரியாணியை டிக்கெட் கிழிக்கும் காத்தான்தான் சாப்பிட்டார். "என் வயித்துக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று விரலைச் சப்பிக்கொண்டார்.

அது போகட்டும் என்று விட்டால், அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. "நான் உன் வீட்டுக்கு வருவேன்" என்றாள் பிலார். வஹீதாவின் அம்மா இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, புதுப் பாயை விரித்து வைத்தார். வஹீதா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக எட்டு தடவை நடந்தாள். பிலார் வரவே இல்லை.

"வெள்ளைக்காரப் புள்ள. நம்ம வீட்டுக்கெல்லாம் வருமா?" என்றார் அம்மா.

வஹீதாவுக்கு அழுகை வந்தது. வராதவள் ஏன் வருவேன் என்று சொல்ல வேண்டும்?

பிலாருக்கும் வஹீதாவைப் போலவே பதினோரு வயது. ஸ்பெயின் நாட்டிலிருந்து அப்பாவோடு கப்பலேறி வந்தவள். அது ரயில் வண்டிகளில் ஊர் ஊராகச் சர்க்கஸ் போன காலம். அந்தச் சர்க்கஸில் பிலாரும் அவள் அப்பா ரமோனும் உயரத்து ஊஞ்சலில் ஆடினார்கள். அப்பா ஓர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்குவார். பிலார் எதிர் ஊஞ்சலிலிருந்து காற்றில் பாய்ந்து அவர் கையைப் பிடிப்பாள்.

ஒரு வருஷமாகத் தமிழ்நாட்டில் சுற்றியதில், யானைப்பாகன்களிடமும் சமையல்காரர்களிடமும் பிலார் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தாள்.

வஹீதாவின் அத்தா கியாசுதீன் தையல்காரர். சர்க்கஸ் திருச்சியில் கூடாரம் போட்டதும், கிழிந்த உடுப்புகளைத் தைக்கவும் புதிது தைக்கவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தையல் மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் வஹீதா அங்கே போய், உடுப்புகளில் ஜிகினாப் பொட்டு தைத்துக் கொடுப்பாள்.

இந்த வியாழக்கிழமையும் போனாள். பிலாரிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள்.

பிலார் ஒரு துணிப்பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அத்தா அவளுக்கு நீலச் சாட்டின் உடுப்பை அளவு பார்த்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். தோளில் இரண்டு சின்ன வெள்ளிச் சிறகுகள்.

"வஹீதா!" என்று கூவினாள் பிலார். கையில் ஒரு மஞ்சள் காகிதம். "படி! நான் பேர், இல்லையா?"

அது சர்க்கஸ் நோட்டீசு. பிலாருக்குத் தமிழ் பேசத்தான் கொஞ்சம் தெரியும். படிக்கத் தெரியாது. வஹீதா பேசுவதில்லை என்ற முடிவை மறந்து, காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தாள்.

"வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு! ஸ்பெயின் தேசத்துச் சிறுமி பிலார், நாற்பதடி உயரத்தில் ஓர் ஊஞ்சலிலிருந்து மறு ஊஞ்சலுக்குக் குதிப்பாள்! காணத் தவறாதீர்கள்!"

"சனிக்கிழமை?" பிலாரின் கண்கள் விரிந்தன. "நான் சனிக்கிழமை குதிப்பேன்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

பிலார் பெட்டியின் மேலேயே துள்ளினாள். "அப்பா! அப்பா சனிக்கிழமை! அப்பா நல்லது!"

"ஆடாதம்மா, ஊசி குத்தும்!" என்றார் அத்தா.

வஹீதா அத்தாவின் காதோரம் குனிந்தாள். "அத்தா, பிலாரோட அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து சனிக்கிழமை வந்துடுவாரா?"

"எங்க வர்றது? குளிர்காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியலையாம். இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"அப்போ மேல யாரு பிடிப்பாங்க?"

"சின்னையன்னு ஒரு பயில்வான் இருக்கான்ல, அவன் பிடிப்பானாம். நாளைக்கு ஒரு தடவை பழகிட்டா போதும்னாரு மானேஜர்."

வஹீதா சின்னையனைப் பார்த்திருக்கிறாள். ஒரு கையால் கட்டிலைத் தூக்குவார். ஆனால் ஊஞ்சலில் தொங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. கீழே வலை கட்டுவார்கள்தான். ஆனால் காத்தான் ஏன் நொண்டி நொண்டி டிக்கெட் கிழிக்கிறார்? அவரும் ஒரு காலத்தில் ஊஞ்சல்காரர். வலையின் ஓரத்தில் தப்பாக விழுந்துவிட்டார்.

அப்படியிருக்கப் பிலார் ஏன் சந்தோஷப்படுகிறாள்? அப்பா இல்லாமல் குதிக்க அவ்வளவு ஆசையா? அப்பா வருகிறார் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? வஹீதாவுக்குத் தலை சுற்றியது.

உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிலார் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரு நோட்டுப்புத்தகத்தைத் திறந்தாள்.

"அது என்ன?"

"பள்ளிக்கூடம்" என்றாள் பிலார். "அப்பா எழுது, நான் எழுது."

ஊர் ஊராகப் போகிறவளுக்கு ஏது பள்ளிக்கூடம்? தாய்மொழியை மறந்துவிடக் கூடாதென்று ரமோன் வாரம் ஒரு பாடம் எழுதிக் கொடுப்பார். இது காய்ச்சலில் படுக்கும் முன் எழுதிக் கொடுத்தது. வஹீதாவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். ஆனால் அதிலிருந்த வார்த்தைகள் இங்கிலீஷாக இல்லை. பக்கத்தின் மேலே ஒரே ஒரு வார்த்தை. அதன் கீழே இரண்டு வரிசைகள்.

"சல்தார்" என்று மேலே இருந்ததைத் தொட்டுக் காட்டினாள் பிலார். எழுந்து நின்று ஒரு குதி குதித்தாள்.

"குதிக்கிறதா?"

"ஆமா! குதிக்கிறது." பிறகு இடப்பக்க வரிசையை வாசித்தாள். "சல்தரே. நான் குதிப்பேன். சல்தராஸ். நீ குதிப்பாய். சல்தரா. அவள் குதிப்பாள்."

இது வஹீதாவுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவளும் இப்படித்தான் நான், நீ, அவள் என்று ஒப்பித்திருக்கிறாள். "எதிர்காலம்!" என்றாள் பெருமையாக. "அப்போ இந்தப் பக்கம்?"

பிலார் வலப்பக்க வரிசைக்கு விரலை நகர்த்தினாள். வாய்ப்பாடு சொல்வது போலத் தலையை ஆட்டி ஆட்டிப் படித்தாள். "சல்தரீயா, சல்தரீயாஸ், சல்தரீயா. சல்தரீயாமோஸ், சல்தரீயாயிஸ், சல்தரீயான்."

"சல்தரீயான்னா என்ன?"

"நான் குதிப்பேன்."

"அதான் சல்தரேன்னியே!"

"ஆமா. சல்தரே, நான் குதிப்பேன்."

"சல்தரீயா?"

"நான் குதிப்பேன்."

"ரெண்டும் ஒண்ணா?"

"இல்லை, இல்லை, இல்லை!" பிலார் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளாத குறை. "ஒண்ணு இல்லை! இது குதிப்பேன். இது... குதிப்பேன்!"

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அத்தா சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் எனக்குப் பைத்தியம் பிடிக்க வெச்சுடுவீங்க போலிருக்கே!"

வஹீதா சிரிக்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்றால், பிலார் இத்தனை நாளும் சொன்ன 'வேன்'களில் எது எந்தப் பக்கம்?

"வாயால சொல்லாதே. செஞ்சு காட்டு" என்றாள்.

பிலார் யோசித்தாள். துணிப்பெட்டியின் மேல் ஏறினாள். "சல்தரே!" என்று சொல்லி உடனே கீழே குதித்தாள். மறுபடி ஏறினாள். பெட்டியின் விளிம்பில் கால் கட்டை விரலை ஊன்றிக் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"சல்தரீயா" என்றாள். குதிக்கவில்லை.

"குதி!"

பிலார் குதிக்கவில்லை. வைக்கோல் கட்டைச் சுட்டிக் காட்டினாள். வஹீதா ஒன்றும் புரியாமல் அதை இழுத்து வந்து பெட்டியின் அடியில் போட்டாள். உடனே பிலார் தொப்பென்று அதன் மேல் குதித்தாள்.

பிறகு அவளே வைக்கோலை ஒதுக்கித் தள்ளினாள். பெட்டியில் ஏறி நின்றாள். வெறுந்தரையைப் பார்த்து, "சல்தரீயா" என்று பெருமூச்சு விட்டாள். அப்படியே நின்றாள்.

வஹீதா வைக்கோலைப் பார்த்தாள். பிலாரைப் பார்த்தாள். மறுபடியும் வைக்கோலைப் பார்த்தாள்.

"வைக்கோல் இருந்தா!" என்று கத்தினாள். "வைக்கோல் இருந்தா குதிப்பேன்! அதானே?"

"இருந்தா?" பிலாருக்கு அந்த வார்த்தை புதிது.

வஹீதா வைக்கோலைப் பெட்டியடியில் தள்ளினாள். "இருக்கு. குதிப்பேன்." வெளியே இழுத்தாள். "இல்லை. ஆனா, இருந்தா... குதிப்பேன்."

பிலார் வாயைப் பிளந்தாள். "இருந்தா குதிப்பேன். சல்தரீயா!"

அதுதான் சங்கதி. பிலாரின் மொழியில் அந்த நிபந்தனை 'சல்தார்' என்ற வார்த்தையின் வாலிலேயே 'ஈயா' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழில் அது தனியாக முன்னால் வர வேண்டும். அது பிலாருக்குத் தெரியாது. வாலை வெட்டிவிட்டு மொட்டையாகக் 'குதிப்பேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் அதே வாலா? சாப்பிடுறதுக்கு என்ன?"

"கொமேர்."

வஹீதா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ கொமேர், கொமெரீயா?"

"கொமெரீயா!" பிலார் கைதட்டினாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறப்பது போலப் பாவனை செய்து, வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "வயிறு நல்லது... இருந்தா, பிரியாணி சாப்பிடுவேன்."

வஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வருவேன்னியே, அது?"

பிலாரின் முகம் மாறியது. "ஞாயிறு அப்பா பார்க்க. ஆஸ்பத்திரி. அப்பா நல்லது இருந்தா, உன் வீடு வருவேன்."

வஹீதா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளைப் போய்ப் பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிட்டோமே!

அப்போதுதான் அவளுக்கு நோட்டீசு ஞாபகம் வந்தது.

"பிலார், மானேஜர் உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"'குதிப்பாயா?' கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"அப்பா... குதிப்பேன்."

"சல்தரேயா, சல்தரீயாவா?"

"சல்தரீயா" என்றாள் பிலார், இதில் என்ன சந்தேகம் என்பது போல.

அப்பா வந்துவிடுவார் என்று நினைத்துத்தான் நோட்டீசைக் கேட்டுத் துள்ளியிருக்கிறாள்! வஹீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள். "சனிக்கிழமை அப்பா வரமாட்டாரு. சின்னையன்தான் பிடிப்பாராம்."

பிலாருக்கு முழுதாகப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் வைக்கோல் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

"வா" என்றாள் வஹீதா. "மானேஜர்கிட்ட போவோம்."

மானேஜர் தைரியராஜ் யானைகள் ஏறி நிற்கும் முக்காலிக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை. எப்போதும் அவசரம்.

"குதிக்க மாட்டாளா?" என்று தூரிகையோடு திரும்பினார். "பாப்பா, அவளே என்கிட்ட சொன்னா! 'குதிப்பியா'ன்னு கேட்டேன். 'அப்பா, குதிப்பேன்'னா!"

"அது அப்பா இருந்தா குதிப்பேன்னு அர்த்தம் சார்."

"என்னது? 'அப்பாடா, ஒருவழியா கேட்டாரே'ன்னு சந்தோஷப்படுறான்னு இல்ல நான் நெனச்சேன்!"

"அவளையே கேளுங்க சார்."

தைரியராஜ் குனிந்தார். பிலார் ஒரு தடவை வஹீதாவைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அப்பா இருந்தா, குதிப்பேன். அப்பா இல்லை. பயம்."

தைரியராஜ் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். சாயம் காயவில்லை என்பதையும் மறந்துவிட்டார்.

"ரெண்டாயிரம் நோட்டீசு குடுத்தாச்சே! போன ஊர்ல சிங்கத்துக்கு ஜலதோஷம்னு சொன்னதுக்கே பெஞ்சைத் தூக்கி எறிஞ்சாங்க. சனிக்கிழமை நான் என்ன பண்ணுவேன்?"

பின்னாலேயே வந்து நின்ற அத்தா மெதுவாகச் சொன்னார். "சார், உடுப்பு கிழிஞ்சா நான் தைச்சுத் தர்றேன். கை கால் போச்சுன்னா என்னால தைக்க முடியாதுங்க."

தைரியராஜ் வாசல் பக்கம் பார்த்தார். காத்தான் காலை இழுத்து இழுத்து நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார் தைரியராஜ். "குதிக்க வேண்டாம். ஆனா ஜனங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"பிலாரே சொல்லட்டும் சார்" என்றாள் வஹீதா.

"இவளா? தமிழ்லயா? இவ தமிழாலதானே இத்தனை குழப்பம்!"

"ஒரு வார்த்தைதான் சார் குறைஞ்சுது. இப்போ அது அவகிட்ட இருக்கு."

தைரியராஜ் எழுந்தார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் பின்புறம் முழுநிலா போல ஒரு சிவப்பு வட்டம். அத்தா அதைப் பார்த்துவிட்டு, "அது வேணா நான் மாத்தித் தைச்சுத் தர்றேன் சார்" என்றார்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. திருவெள்ளறையிலிருந்தும் வையம்பட்டியிலிருந்தும்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குதிரை ஓடியது. கரடி சைக்கிள் விட்டது. கடைசியில் பேண்டு வாத்தியம் நின்றது.

நீல உடுப்பில் பிலார் வந்தாள். கூட்டம் ஊஞ்சலை அண்ணாந்து பார்த்தது. ஆனால் அவள் ஏணியில் ஏறவில்லை. யானையின் முக்காலியில் ஏறி நின்றாள். தைரியராஜ் தகரக் குழாயை அவள் வாயருகே பிடித்தார்.

பிலார் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. எத்தனை முகங்கள்!

"சல்தரீயா..." என்றாள்.

"என்ன சொல்லுது?" "எப்ப குதிக்கும்?" என்று பெஞ்சுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ விசிலடித்தார்கள்.

முன்வரிசையில் அத்தாவோடு உட்கார்ந்திருந்த வஹீதா எழுந்து நின்று ஒரே கத்தாகக் கத்தினாள். "இருந்தா!"

பிலாரின் முகம் தெளிந்தது.

"அப்பா இருந்தா குதிப்பேன்" என்றாள் தகரக் குழாயில். "அப்பா காய்ச்சல். ஆஸ்பத்திரி. அப்பா வந்தா... குதிப்பேன்!"

வஹீதா அப்படியே நின்றுவிட்டாள். 'வந்தா' என்பதை அவள் சொல்லித் தரவே இல்லை. பிலார் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்!

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அப்பன் இல்லாம எதுக்கும்மா குதிக்கணும்? அவரு வரட்டும். அவரு வந்தா நாங்களும் வருவோம்!"

கூட்டம் முழுவதும் சிரித்தது. கைதட்டல் தகரக் கூரைமேல் மழை பெய்தது போல எழுந்தது. தைரியராஜ் தகரக் குழாயைப் பிடுங்கி, "எல்லாரும் கிழிச்ச டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிருங்க! அதைக் காட்டினா அன்னைக்கு மறுபடியும் உள்ள விடுவோம்!" என்று அறிவித்தார். ஒரு பெஞ்சுகூட உடையவில்லை.

மூன்று வாரம் கழித்து ரமோன் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். ஆனால் கைகள் உறுதியாக இருந்தன. ஒரு வாரம் தினமும் காலையில் அப்பாவும் மகளும் பழகினார்கள்.

அந்தச் சனிக்கிழமை பிலார் ஏணியில் ஏறினாள். எதிர் ஊஞ்சலில் ரமோன் தலைகீழாகத் தொங்கிக் கைகளை நீட்டினார். முரசு உருண்டது. வஹீதா அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் "ஓ!" என்று எழுந்து நின்றது.

ஆட்டம் முடிந்ததும் பிலார் நேராக முன்வரிசைக்கு ஓடி வந்தாள். வெள்ளிச் சிறகு ஒன்று கோணலாகத் தொங்கியது. மூச்சு வாங்க, "பார்த்தாயா? நான் குதிச்சது பார்த்தாயா?" என்றாள்.

வஹீதா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"கண்ணைத் திறந்திருந்தா பார்த்திருப்பேன்!"